உலை மூடியில் பூசிய திருநீறு

அன்று அறையில் இருந்தவர்கள்: பேராசிரியர். அவரிடம் ஆராய்ச்சி செய்த சோழவந்தான் தம்பி. பெங்களூரில் இருந்து வந்த பொறியாளர். உலையைப் பார்த்துக்கொள்ளும் நான், எட்டாவதோடு நின்றவன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி. ஒரு ரூபாய்க் காசு அளவுக் கல் வில்லையைத் தொள்ளாயிரம் டிகிரியில் உருகிக் கிடக்கும் ரசாயனக் குழம்பில் சுழற்றியபடி இறக்குவோம். அதன்மேல் காந்தப் படலம் ஏறும். நுண்ணோக்கியில் பார்த்தால் படலத்துக்குள் குட்டிக் குட்டிக் காந்தக் குமிழிகள். குமிழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. கணினி அப்படித்தான் நினைவில் வைக்குமாம். வெளியே காந்தத்தை நகர்த்தினால் குமிழி ஓட வேண்டும். படலத்தில் பழுது இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஐந்து குமிழிக்கு மேல் நின்றால் எங்கள் கம்பெனி படலத்தை வாங்காது என்று பொறியாளர் வந்ததுமே சொல்லிவிட்டார். வாங்காவிட்டால் உலையையே இழுத்து மூட வேண்டும். தம்பியின் நான்கு வருட வேலை அதோடு போகும்.

காலையில் வளர்த்த படலத்தை நுண்ணோக்கி வழியே திரையில் போட்டார்கள்.

“என்ன சார், உங்க ஊர் டவுன் பஸ் மாதிரி அங்கங்க நிக்குது?” என்றார் பொறியாளர். எண்ணினார். இருபத்தாறு.

பேராசிரியர் தம்பியைப் பார்த்தார். “வேகமாச் சுத்திட்டியா?”

“இல்ல சார். போன வாரம் சுத்துன அதே வேகந்தான்.”

“போன வாரம் நல்லா வந்துச்சேய்யா. இப்ப என்ன கேடு?”

தம்பி திரைப் பக்கம் குனிந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் ஆயுத பூஜை. இந்த அறையில் எதற்கும் பொட்டு வைக்கக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தார். வைக்கவில்லை. ஆனால் உலையைச் சும்மா விட மனசு கேட்கவில்லை. மூடியின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாமல், திருநீற்றை இழுத்துவிட்டேன்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மிச்சமிருந்த ஒரே வில்லையும் அந்த மூடிக்குக் கீழேதான் இறங்கும்.

“சார், மூடிக்கு அடியில துன்னூறு பூசிருக்கேன்.”

“எம்புட்டுண்ணே?” என்றார் தம்பி.

“மூணு விரல்.”

“நல்லவேள, தேங்கா ஒடைக்கல,” என்றார் பொறியாளர்.

பேராசிரியர் இடுக்கியால் மூடியைத் தூக்கித் திருப்பினார். மூன்று கோட்டில் பாதி இல்லை. சூட்டில் உதிர்ந்தது வில்லைமேல் விழுந்திருக்கிறது. விழுந்த இடமெல்லாம் படலம் பழுது.

“வேற மூடியக் கழுவிட்டு வாய்யா,” என்றார்.

அமிலத்தில் இரண்டு முறை கழுவிக் காயவைத்து மாட்டினேன். கடைசி வில்லையைத் தம்பி இறக்கினார்.

ஆறியதும் திரையில் போட்டார்கள். பொறியாளர் காந்தத்தை நகர்த்தினார். குமிழிகள் ஓடின. நின்றவற்றைத் தம்பி விரல் வைத்து எண்ணினார். இரண்டு வரை வாய்விட்டு. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. பொறியாளர் எழுந்து வந்து, முதலில் இருந்து அவரே எண்ணினார்.

நான்கு.