எல்லப்பன் கேட்ட சீட்டு

அடுத்தவர் அழுகையை வெள்ளைத் தாளில் இறக்கிவைப்பதுதான் மனு எழுதுகிறவன் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் நான் பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, பொன்னேரி தாலுக்கா ஆபீஸுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் 'போய்ட்டு நாளைக்கு வா' வாங்கிய உங்களுக்கு அந்த இடத்தைப் பற்றி விளக்கவே வேண்டாம். அங்கே என்னை ரொம்பப் படுத்தியவன் எல்லப்பன். ரொம்பப் பிடித்தவனும் அவன்தான்.

கல்யாணம் ஆன ஆள்

எல்லப்பன் பழவேற்காடு ஏரிக்குள் ஒரு குப்பத்து மீன்பிடிக்காரன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. கோல் ஊன்றித்தான் நடப்பான். இறால் ஓடும் இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று அவர்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணுக்கும் தனிச் சீட்டு. எல்லப்பனுக்குக் கல்யாணம் ஆகியும் சீட்டில் பேர் எழுதவில்லை. நொண்டிக் காலோடு சேற்றில் இறங்கி வலைக்கழி நட முடியாதாம். அண்ணன் சோறு போடுவானாம். ஊர்க்கூட்டத்தில் அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "உன் சம்சாரம் என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"'கண்ணாலத்துக்கு வந்து துன்னுட்டுப் போனாங்களே, அப்ப உங்காலு கண்ணுக்குத் தெரிலியாமா?'ன்னு கேக்குறா பாய்."

என் கைவண்ணம்

எனக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம். யார் எது கேட்டு வந்தாலும், படிக்கிற அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி எழுதிவிடுவேன். எல்லப்பனுக்கும் 'ஏழை, ஊனமுற்றவன், நாதியற்றவன், தங்கள் கருணையே கதி' என்று ஒன்றரைப் பக்கம் உருகினேன். சீட்டு விஷயம் கடைசி வரியில் போய் ஒண்டிக்கொண்டது. அதுவரை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. மூன்றே மாதத்தில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று எல்லப்பன் பேருக்கு சாங்ஷன் ஆகி வந்துவிட்டது!

என் எழுத்தின் மகிமையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு டீ சொன்னேன். எல்லப்பன் டீயைத் தொடவில்லை. சுற்றிலும் தண்ணீரும் மணலுமாக இருக்கிற குப்பத்தில் அந்த வண்டியை எங்கே ஓட்டுவது என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

"எம்மேல எரக்கப்படச் சொல்லியா கேட்டேன்? எங்க ஊர்க்காரங்க மேல கம்ப்ளெய்ண்டு எழுதுன்னுதானே சொன்னேன் பாய்."

எனக்கு வெட்கமாகிவிட்டது.

எந்தக் கட்டில் வைப்பது?

இரண்டாவது மனு ஆறே வரி. கண்ணீர் கிடையாது, கருணை கிடையாது. 'எல்லாருக்கும் உள்ள உரிமையைக் காலைக் காரணம் காட்டி எனக்கு மறுக்கிறார்கள், விசாரிக்கவும்.' அவ்வளவுதான். இதற்கென்று ஒரு சட்டம் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆபீஸிலும் யாருக்கும் தெரியவில்லை. தபால் வாங்கும் கிளார்க் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலம் என்றால் ஒரு கட்டு, ரேஷன் என்றால் ஒரு கட்டு. இது எதிலும் சேரவில்லை. நாலு தடவை எங்களை அலையவிட்ட பிறகு அவரே நொந்துபோய்ச் சொன்னார்:

"காலுன்னா ஆஸ்பத்திரி, மீனுன்னா மீன்துறை. ரெண்டும் ஒரே பேப்பர்ல வந்தா நான் எங்க பாய் அனுப்புவேன்?"

படகில் போன விசாரணை

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அதை விசாரிக்கச் சொல்லிக் குறிப்பு எழுத, ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். எங்களைக் கூட்டிப்போக எல்லப்பனே படகு கொண்டுவந்தான். எதிர்க்காற்றில், மணல் திட்டுகளுக்கு நடுவே, பின்பக்கம் உட்கார்ந்தபடி துடுப்புப் போட்டு ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். இறங்கும்போது சேற்றில் வழுக்கி விழுந்தது நானும் இன்ஸ்பெக்டரும்தான்.

கூட்டத்தில் ஊர்த் தலைவர் உருக்கமாகப் பேசினார். இவன்மேல் பாசம்தான், சேற்றில் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்றார். இன்ஸ்பெக்டர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பாடு வர்ற அன்னிக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல்னா?" என்று கேட்டார். வேறு ஆளை வைத்து வலை கட்டுவார்கள் என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது.

"அப்ப காய்ச்சலுக்கு ஆள் வெச்சிக்கலாம், காலுக்கு வெச்சிக்கக் கூடாதுன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார்.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார், எல்லப்பனைப் பார்த்தார். "அம்மாந்தூரம் எழுதறதுக்கு, சீட்டுல அவன் பேரையே எழுதிக்கிறோம் சார்" என்றார்.

கொடுவாய்

ரெண்டு மாதம் கழித்து எல்லப்பன் ஒரு பெரிய கொடுவாய் மீனோடு பெஞ்சுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "இறால் வாரிக் கொட்டிச்சா?" என்றேன். அதெல்லாம் சுமார்தானாம். அவசரப்பட்டு நேரத்துக்கு முன்னாலேயே வலை கட்டிவிட்டதால் ஊர்க்கூட்டத்தில் அவனுக்குத் தண்டம் போட்டுவிட்டார்களாம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "விடக் கூடாதுடா, கலெக்டருக்கே எழுதறேன்" என்று பேனாவைத் திறந்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம் பாய், தப்பு எம்மேலதான். இத்தினி வருசமா நான் இன்னா பண்ணாலும் 'பாவம், வுடு'ன்னு வுட்ருவாங்க. இப்பதான் மொத மொறையா எனக்குத் தண்டம் போட்டுக்கீறாங்க!"

எத்தனையோ பேருக்குப் பட்டாவும் பென்ஷனும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தண்டம் வாங்கிக் கொடுத்ததற்காக ஒருவன் எனக்கு மீன் கொண்டுவந்தது அந்த ஒரு தடவைதான்.