கறுத்த எண்ணெய்

சிவமலர் அக்கா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தபோது, நாங்கள் புதிய பிரேக்கரின் மரப்பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தோம். ஆணி கழற்றிய கைகளை ஒருவரும் நிறுத்தவில்லை. அன்றே அதைப் பழையதன் இடத்தில் பூட்டி முடிக்கவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

எங்கள் உபமின்நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். நெடுங்கேணியில் குடியேறிய மலையகக் குடும்பத்துப் பெண். பதவிக்குப் பயந்து பேசத் தெரியாதவர். மின்கம்பியில் பிழை வந்தால் மின்சாரத்தை வெட்டுவது பிரேக்கர். வெட்டும்போது உள்ளே எழும் நெருப்புப் பொறியை அணைப்பது பழையதில் எண்ணெய்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் அது கறுக்கும். அந்தக் கறுப்பை ஒரு போத்தலில் எடுத்துப்போய் எங்கள் அதிகாரியின் மேசையில் வைத்தார் அக்கா.

"சேர், இது எண்ணெயில்லை, குண்டு. மாத்தித் தாங்கோ."

"புதுசு வரப்போகுது பிள்ளை. பழசுக்கு ஏன் வீண் செலவு?"

புதியதும் வந்தது. வவுனியாவில் வாயு நிரப்பிய பிரேக்கர்களைப் பார்த்திருந்த எங்களுக்கு இது இன்னும் அதிசயம். காற்றே இல்லாத சிறிய குடுவைக்குள் வெட்டு நடக்கும். பொறி அந்த வெற்றிடத்திலேயே அணைந்துவிடும். "எரிய எண்ணெயுமில்லை, கசிய வாயுவுமில்லை. இனி நாங்களும் கிழடாகிச் சாகலாம்" என்று அக்கா சிரித்தார். ஆனால் திறந்துவைக்க வரவேண்டிய பிரமுகருக்கு நாள் கிடைக்கவில்லை. பெட்டி வாசலில் படங்குத் துணியால் மூடிக் கிடந்தது. மாரி வந்துவிட்டது.

ஒரு காற்று நாளில் பழைய பிரேக்கர் வெட்டி, வட்டக்கச்சி லைனில் மின்சாரம் நின்றது. அதிகாரி தொலைபேசியில் வந்தார்.

"மரக்கொப்பு பட்டிருக்கும். பிரேக்கரை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

"லைனைப் பாக்காமல் போடமாட்டன், சேர்."

"அப்ப பக்கத்திலை நிக்கிற தம்பியிட்டைப் போனைக் குடுங்கோ. அவர் போடட்டும்."

அந்தத் தம்பி நான்; போனில் வந்த குரல் எனக்கும் கேட்டது. அக்கா போனைத் தரவில்லை. "ரூபன், வெளியிலை போ" என்று என்னை அனுப்பிவிட்டு அவரே போட்டார். நான் முற்றத்தைத் தாண்டுமுன் கட்டடம் அதிர்ந்தது. உடலில் எரியும் எண்ணெயோடு அவர் கதவுவரை நடந்து வந்தார். வட்டக்கச்சியில் முறிந்த மரமொன்று மூன்று கம்பிகளையும் ஒன்றாக இறுக்கிக் கிடந்ததைப் பிறகு கண்டோம்.

விசாரணை அறிக்கை "உத்தியோகத்தரின் அவசரம்" என்றது. தொலைபேசி உத்தரவைப் பற்றி நான் சொன்னது அதில் இல்லை.

அவர் இறந்த பிறகு பிரமுகருக்கு நாள் கிடைத்தது. மௌன அஞ்சலி செய்து நாடா வெட்டினார்கள். முன்வரிசையில் இருத்தப்பட்ட அக்காவின் தாய் எழுந்து, பிரேக்கரைத் தொட்டுக் கேட்டார்: "இது அன்னைக்கு எங்க கெடந்துச்சு?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாசலிலை, அம்மா" என்றேன்.

பிறகு எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள்.

அக்காவின் நல்ல குணங்களைப் பேசப் பலர் இருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது அவருடைய கோபத்தை. அதை ஆற விடமாட்டேன்.