மதகை விட்டுவிட்டு எடுத்த படங்கள்

திறந்தவெளியில் கல்யாண விருந்து வைக்க ஆசைப்படுகிறவர்களை நான் மதிப்பதில்லை. வேர்த்து ஒழுக நின்றுகொண்டு, ஈ மொய்த்த கேக்கை வெட்டி, காற்றில் பறக்கும் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இதற்கெல்லாம் இயற்கையோடு இணைவது என்று பெயர் வைக்கிறவர்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் மாதா கோயிலில் திருமணம். அதில் தகராறு இல்லை. எந்தச் சாமியாரும் மரத்தடிக்கு வந்து தாலி மந்திரிக்க மாட்டார். தகராறு மாலை வரவேற்புக்குத்தான். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டி ஒரு ஹால் இருக்கிறது. பச்சை டிஸ்டெம்பர் சுவர், சுற்றும்போது முனகும் மின்விசிறிகள், எத்தனை கழுவினாலும் போகாத பிரியாணி வாசனை. என் கல்யாண விருந்து அங்கேதான் நடந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷமாக, பங்கில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கையில் கவரோடு போய், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கட்லெட் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கணவர் போன பிறகு தனியாகவே போய்த் தனியாகவே வந்தேன். ஒரே ஒரு நாள் அந்த வாசலில் நான் நின்று, அத்தனை பேரையும் ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட வேண்டும். அற்ப ஆசைதான். ஆனாலும் அது என் ஆசை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. அவர்களை யார் ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவது?

என் மகள் ஒரு வெட்டிங் பிளானரைப் பிடித்து வைத்திருந்தாள். ரஸ்டிக் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிற இளைஞன். முதலில் ஒரு பாழடைந்த அரிசி ஆலையைக் காட்டினான். அடுத்து ஒரு முந்திரித் தோப்பு. பிறகு ஏதோ பண்ணையின் மாட்டுத் தொழுவம். அதில் மாடு இல்லாததுதான் அதன் சிறப்பாம். ஒவ்வொன்றுக்கும் நான் முகத்தைச் சுளித்தேன். நாலாவது இடத்துக்கு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூன்று பேரும் அவன் காரில் செங்கல்பட்டைத் தாண்டிப் போனோம். மாப்பிள்ளைக்குக் கிண்டி அலுவலகத்தில் ஏதோ வேலை, வரவில்லை. அவருடைய அம்மா அப்பா தூத்துக்குடியில் இருந்தார்கள்; படத்தைப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும்.

“மம்மி, படம் நீயே எடு. நாங்க அனுப்பினா சின்னப் பசங்க வெளையாட்டும்பாங்க. நீ அனுப்பினா நம்புவாங்க” என்றாள் மகள். அவளுக்கு அந்த இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அப்படி என் கைக்கு வந்தது.

ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் இறங்கினோம். தோப்புக்கு முன்னால் சரிந்து போகும் பெரிய வெட்டவெளி. அதைச் சுற்றிப் பிறை மாதிரி வளைந்த மண்மேடு, அதன்மேல் வரிசையாகப் பனைமரங்கள். வெட்டவெளியில் அங்கங்கே கருவேல மரங்கள்.

“நேச்சுரல் ஆம்ஃபிதியேட்டர், ஆன்ட்டி. கெஸ்ட் எல்லாம் அந்த மேட்டுல உக்காருவாங்க, நடுவுல ஸ்டேஜ். ஜனவரில மழை பயமே கெடையாது” என்றான் அவன்.

நாலு அடி வைத்ததும் என் செருப்புக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. நத்தை ஓடு. தரை முழுக்க நத்தை ஓடும் வெடித்த வண்டலும். கிழக்கு மூலையில் செடிகளுக்கு நடுவே இரண்டு கல்தூண்களும் குறுக்கே ஒரு கல்லுமாக மதகு நின்றது. இருபத்தெட்டு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்தவளுக்கு இதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் ஆம்ஃபிதியேட்டர் என்று சொன்னது ஏரிக்கரை. நாங்கள் நின்றது ஏரிக்குள்.

ஜனவரியில் மழை பெய்யாது, அது உண்மைதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ததெல்லாம் இங்கே வந்து சேர்ந்து, மூன்று ராஜாக்கள் திருநாளும் பொங்கலும் முடிந்த வாரத்தில், மேகமே இல்லாத ஒரு மாலையில், அவர்கள் மேடை போட நினைத்த இடத்தில் இடுப்பளவு நிற்கும். அந்தப் பிளானர் குடியிருப்பது வேளச்சேரியில். மழை வந்தால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர்க்காரனுக்கு ஏரி எது என்று தெரியவில்லை.

மகள் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். “எவ்ளோ அழகா இருக்கு பாரேன் மம்மி.”

“டேபிள் டெக்காருக்கு யூஸ் பண்ணலாம்” என்றான் அவன்.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்து இவன் திருதிருவென முழிக்க வேண்டும். மகள் கடைசி நேரத்தில் என்னிடம் ஓடிவந்து, நீ சொன்ன ஹாலே சரி மம்மி என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதிக்கு ஹாலை இப்போதே சாமியாரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்துவிடலாம் என்றுகூட அங்கே நின்றபடியே யோசித்தேன். அவ்வளவு மட்டமான புத்தி எனக்கு.

படம் எடுத்தேன். மதகு விழாமல் எடுத்தேன். மண்வெடிப்பு தெரியாமல், கேமராவைத் தூக்கிப் பனை வரிசையையும் வானத்தையும் எடுத்தேன். கருவேல நிழலில் மகளை நிறுத்தி எடுத்தேன். வாழ்நாளில் நான் அவ்வளவு நல்ல படங்கள் எடுத்ததில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னாம்மா, ஷூட்டிங்கா?”

“இல்ல, கல்யாணம். தை மாசம்.”

“தை மாசமா? இங்கியா?” வெட்டவெளியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மகளும் பிளானரும் தூரத்தில் மேடைக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீ போம்மா” என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஆட்டின் பின்னால் போனாள். பட்டணத்துக்காரர்களைப் பற்றி அவள் நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் சம்பந்தியம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினார். “படம் பாத்தோம் மதினி, எடம் நல்லாத்தான் இருக்கு. நீங்க நேர்ல பாத்துட்டீங்கல்லா, பெறகு என்ன?”

“ஆமா, பாத்துட்டேன்” என்றேன்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு மேஜையில் மகள் லேப்டாப்பை விரித்து வைத்திருந்தாள். அழைப்பிதழின் பின்னணிக்கு என் படங்களில் ஒன்று வேண்டுமாம். கருவேல மரப் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

“மம்மி, மரத்துல இது என்ன கோடு?”

“கரையானா இருக்கும்.”

“எல்லா மரத்துலயும் ஒரே ஒசரத்துல இருக்கு. கரையான் ஸ்கேல் வச்சா கோடு போடும்?”

அது தண்ணீர் நின்ற கோடு. நான் பீன்ஸ் நறுக்கினேன். அவள் எட்டாம் வகுப்பில் என் மாணவி. பள்ளிக்கூட கேட்டுக்குள் என்னை மிஸ் என்று கூப்பிட வேண்டும், கேட்டைத் தாண்டினால்தான் மம்மி. அது நான் போட்ட சட்டம். டீச்சர் மகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, ஏரிப் பாசனப் படத்தை அவளை மட்டும் மூன்று முறை வரைய வைத்தவள் நான். அன்றைக்கு அவள் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

பால்காரர் கணக்கு எழுதும் தாளைத் திருப்பிப் போட்டு, அவள் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். வளைந்த கரை. கரைமேல் பனை. உள்ளே மரங்கள். வடக்கு மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டு, மதகு என்று எழுதினாள்.

“அங்க இல்ல, கிழக்கு மூலையில” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. இருபத்தெட்டு வருஷம் தப்பைத் திருத்திய வாய், தானாகத் திறந்துகொண்டது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எப்பலேருந்து தெரியும்?”

“போன அன்னிக்கே.”

“அவங்க வீட்டு ஆளுங்க அத்தன பேர் முன்னாடி நான் அசிங்கப்பட்டு நிக்கணும், அப்பதான் உனக்கு ஹால் கெடைக்கும். அப்படித்தான?”

அவள் அழவில்லை, கத்தவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரு நத்தை ஓட்டைக் கூட அடையாளம் தெரியாத அந்தப் பையனைத்தான் நான் அதுவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தெரியாமல் செய்தான். நான் பாடமே நடத்திவிட்டுச் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: “ஹாலுக்குச் சொல்லியாச்சு. நீங்க கேட்டதுதான்.” என்னை அவள் ‘நீங்க’ என்று வீட்டுக்குள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜனவரியில் வரவேற்பு நடந்தது. விசிறிகள் முனகின. நான் அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் டீச்சர் என்றார்கள். அத்தனை பேரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டேன். தொண்டை கட்டிப்போகும் வரை கூப்பிட்டேன்.

கடைசியில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் என்னைப் பார்த்து, “இவங்க?” என்று கேட்டாள். மகள் என் தோளில் கை போட்டுக் கேமராவைப் பார்த்தாள்.

“எங்க ஜாக்ரஃபி மிஸ்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.