மாட்டுப் பொங்கல் மஞ்சள்

எருமப்பட்டிப் பக்கம் வசந்தாமணி என்று கேட்டால் விழிப்பார்கள். "கிருமிக்காரி" என்றால் உடனே வழி சொல்வார்கள். நாமக்கல்லில் மாட்டுக் காசநோய்க் கிருமியை ஆராயும் கூடத்துக்கு அவள்தான் தலைமை. மாட்டின் கழுத்தில் ஊசி போடுவாள். மூன்றாம் நாள் போய் இடுக்கியால் தோலை அளப்பாள். தடித்திருந்தால் நோய், இல்லாவிட்டால் பயமில்லை.

1987இல் போகிக்கு முந்தின நாள், அண்ணன் செங்கோட்டையன் வீட்டுச் செவலைப் பசுவுக்கும் ஊசி போட்டாள். மாட்டுப் பொங்கலன்று அளக்கப் போனால் செவலையின் கழுத்தெல்லாம் மஞ்சள், கொம்பில் வர்ணம். நல்ல நாள், நம் வீட்டு மாடு வேறு. மஞ்சளைத் துடைக்காமல் ஒரே தரம் அளந்து, "நோயில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். படித்த கொழுப்புதான்.

சித்திரையில் அண்ணன் மகள் சௌந்திரத்துக்குக் கழுத்தில் கட்டி. ஏழு வயசு. கறந்த சூட்டிலேயே பாலைக் குடித்து, நுரை மீசையோடு அத்தையை மிரட்டுகிற கழுதை.

வசந்தாமணி அண்ணனிடம் ஓடினாள். "ஏனுங்கண்ணா, அன்னிக்குச் செவலை கழுத்து வீங்குச்சுங்களா?"

"வீங்காம? எலுமிச்சங்காயாட்டம் இருந்துச்சு அம்மிணி. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு ரெண்டு நாள் பத்துப் போட்டேன். நீ வாரதுக்குள்ள வடிஞ்சுபோச்சு. எந்தங்கச்சி ஊசி போட்டு மாடு வீங்குச்சுன்னு நாலு பேரு பேசோணுமா?"

பற்றுப் போட்டால் அந்த வீக்கம் வடியுமா? அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பாடம் இல்லை.

சேலத்து டாக்டர் காசநோய் என்று சொல்லி மாத்திரையைத் தொடங்கிவிட்டார். கட்டியில் எடுத்த துளியையும் செவலையின் பாலையும் வசந்தாமணி தன் கூடத்தில் முட்டைக் கூழுள்ள இரண்டு குழாய்களில் விட்டு, சூட்டுப் பெட்டியில் முளைக்க வைத்தாள். நாமக்கல்லில் கிருமிக்கும் முட்டைதான் சாப்பாடு. முளைக்க ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகும். அவளோ தினம் மூன்று தரம் பெட்டியைத் திறந்தாள்.

"கோழிக்குஞ்சு பொரிக்கற பொட்டியாட்டம் பாக்கறீங்களே, குஞ்சு சீக்கிரம் வந்துருமுங்களா?" என்றார் கூடத்து உதவியாளர் காத்தான்.

"வராம இருக்கோணும்னுதான் பாக்கறனுங்க."

இத்தனை வருஷம் கிருமியிடம் முளை, முளை என்று கெஞ்சியவள் அவள். நாற்பத்திமூன்றாம் நாள் இரண்டு குழாயிலும் ரவை சிந்தினாற்போலப் புள்ளிகள். மேற்கொண்டு சோதித்தாள். மாட்டுக் கிருமியேதான். முடிவை எழுதிச் சேலத்துக்கு அனுப்பினாள். டாக்டர் மருந்தில் ஒன்றை மாற்றினார். பழையது இந்தக் கிருமிக்குக் கேட்காதாம்.

நோய் மாட்டை வீட்டில் வைக்கக் கூடாதென்று செவலையை வண்டியேற்றினார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை. "எம்பட தப்பு அம்மிணி."

"கையெழுத்துப் போட்டது நானுங்கண்ணா."

ஞாயிறுதோறும் எருமப்பட்டிக்கு வந்து சௌந்திரத்தின் கட்டியை அளந்தாள்.

"அத்தே, நான் மாடா?"

"மாடு இத்தன பேசாது. ஆடாம நில்லு."

போன வாரத்தைவிட ஒரு நூல் குறைவு. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரத்துணியால் சௌந்திரத்தின் கழுத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

மறுபடி அளந்தாள்.