வைஃபைக்கு வைத்த பெயர்

ரொறன்ரோவில் எங்கள் தொடர்மாடியில் ஃபோனைத் திறந்தால் அயலவர் எல்லோரும் பெயரோடு வந்து நிற்பார்கள். ஒருவர் வைஃபைக்குத் தன் குடும்பப் பெயரையே வைத்திருக்கிறார். இன்னொருவர் நாயின் பெயரை. வந்த புதிதில் யோசித்தேன்: இங்கே இருப்பது யாரென்று சுவர் தாண்டிச் சொல்ல இவர்களுக்குப் பயமில்லையா? பிறகு எனக்கும் பழகிவிட்டது. பழகியதுதான் பிழையாகப் போயிற்று.

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனபோது அப்பாவுக்குப் புது ரூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அம்மா காலமானபின் கீழ்வீட்டில் அவர் தனி. சீனி வருத்தக்காரர், ஒருமுறை இரத்தத்தில் சீனி இறங்கிக் குசினி அடுப்படியில் விழுந்து கிடந்தவர். அங்கே விடியும் நேரம் இங்கே மாலை. வீடியோவில் அவர் முகத்தைக் கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். ரூட்டரின் செயலி எடுத்த எடுப்பிலேயே, உங்கள் வைஃபைக்கு என்ன பெயர் என்று கேட்டது. யோசிக்காமல் அப்பாவின் பெயரை அடித்தேன்: சிவபாலன். கடவுச்சொல்லும் போட்டு, செயலியை என் ஃபோனில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

திரும்பி ரொறன்ரோவில் இறங்கிய வாரமே அப்பா வீடியோவில் வரவில்லை. சாதாரண ஃபோன் கோலும் போகவில்லை. குசினித் தரைதான் கண்ணுக்குள் வந்தது. மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் நிமலுக்கு ஃபோன் அடித்தேன். சிங்களவர், அப்பாவோடு அரைத் தமிழில் கதைப்பவர். அவர் படியிறங்கிக் கதவைத் தட்டுவது எனக்குக் கேட்டது. மறுபடியும் தட்டினார். பிறகு அப்பாவின் இருமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா ரூட்டரையும் ஃபோனையும் நிற்பாட்டி, துவாய்த் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். நிமலின் ஃபோனை வாங்கிக் கதைத்தார்.

"பிள்ளை, இந்த நிமலின்ர ஃபோனிலயே என்ர பேர் கிடக்குது. ரோட்டால போறவன் வாறவனுக்கும் காட்டுமாம்."

"அப்பா, அது வைஃபைன்ர பேர்தானே?"

"பேர்தான். வாசல் கேற்றில இருந்த பேரையே கழட்டினனான்."

கழற்றியது எனக்கும் நினைவிருக்கிறது. நான் சின்னப்பிள்ளை. தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரத்தன்று பாமன்கடைப் பக்கம் புகை எழும்ப, அப்பா ஸ்குரூ ட்ரைவரோடு கேற்றடியில் குந்தியிருந்தார். அது கைதவறிக் கீழே விழ, எடுத்து எடுத்துத் திருகினார். பெயர்ப்பலகை பிறகு ஏறவேயில்லை; திருகாணி ஓட்டைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

"அப்ப வேற பேர் வைப்பம்" என்றேன்.

"ஆரோ ஒருத்தன்ர பேரில நான் ஒளிக்கமாட்டன். என்ர பேர் இருக்கட்டும். வெளியில தெரியாமல் செய்."

இங்கே ரூட்டர்காரர்களின் உதவி இலக்கத்தில் ஒரு பெண் எடுத்தாள். பெயரை மறைத்தாலும் ஹேக்கர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். ஹேக்கர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை என்றேன். "அப்படியென்றால் யாரைப் பற்றி?" என்று சிரித்தாள். மறைப்பது எப்படி என்று மட்டும் கேட்டேன். செயலியில் மறைக்கும் இடத்தை விளக்கிவிட்டு ஒன்று சொன்னாள்: மறைத்த வைஃபையின் பெயர் பதிந்த ஃபோன், போகுமிடமெல்லாம் அதன் பெயரைச் சொல்லி, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

நிமல் ரூட்டரைச் செருக, நான் இங்கிருந்தே பெயரை மறைத்தேன். இனி அப்பாவின் ஃபோனில் அதைக் கையால் அடித்தாக வேண்டும். "நான் போட்டுத் தாறேன் அங்கிள்" என்ற நிமல், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தார். பக்கத்தில் அப்பாவின் குரல்: "மெல்லமாச் சொல்லும் நிமல், வெளியில கேக்கும்."

அடுத்த நாள் அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு திரைக்கு வந்தார். அடுத்த பயணத்துக்கு உதவுமென்று அந்தப் பெயரை என் ஃபோனிலும் அடித்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்து ட்ராமில், முகம் தெரியாதவர்கள் நடுவே நிற்கையில் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வரும். வெள்ளவத்தையில் வாய்விட்டுச் சொல்ல அப்பா பயந்த பெயரை, என் கைப்பைக்குள் ஃபோன் இங்கே ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கூப்பிட்டுக் கேட்கிறது: சிவபாலன், இருக்கிறீர்களா?