மூன்றாவது ஜோடி நாடா

ஊசியின் காதில் நூல் நுழையவில்லை. பத்துத் தடவை பார்த்துவிட்டு, பதினோராவது தடவையாக நூலின் நுனியை நாக்கில் வைத்து முறுக்கினார் அவர்.

"எச்சில் வேண்டாம் தம்பி. போட்டுக்கப் போறது எட்டு நாள் குழந்தை. தண்ணியத் தொட்டுக்கோங்க" என்றேன்.

தண்ணீரைத் தொட்டார். அப்போதும் நூல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர ஊசிக்குள் போகவில்லை. இருபத்தெட்டு வருடம் தரைக்கு டைல்ஸ் ஒட்டிய கை. விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்ற வெடிப்பு. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கைரேகை இயந்திரம் அவரை ஒரு மனிதராகவே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

நான் நர்ஸாக இருக்கும் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவருடைய மகள். நுரையீரலில் ரத்தம் கசிகிறது, சாயங்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சட்டையைத் தைத்து முடிக்க வேண்டும். அது இரண்டாவது சட்டை.

அவருக்கு வார்டில் ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் குமிழிக் குழாய் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வந்த முதல் நாளே பெஞ்சின் மேல் வைத்துப் பார்த்து, "இடது கால் ரெண்டு மில்லி குட்டை" என்று பெரிய சிஸ்டரிடம் புகார் சொன்னார். "இருபது வருஷமா இதுல உக்காந்தவங்க யாரும் உருண்டு விழலையே" என்றாள் அவள். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே பாதியில் போய்விட்டன. இரண்டு தடவையும் ஆசையாக வாங்கி வைத்த துணிகளை யாருக்காவது தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் இந்தத் தடவை வீட்டில் ஒரு கைக்குட்டை அளவு துணிகூட வாங்கவில்லை. மூன்றாவது, ஆறரை மாதத்தில் அவசர அவசரமாக வந்துவிட்டாள். எண்ணூற்று இருபது கிராம்.

ஏழாம் நாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, "டியூபும் டயபருமாவே பாக்கறேன். ஒரு தடவையாவது சட்டை போட்டுப் பாக்கணுங்க" என்றாள். கடையில் கிடைத்ததிலேயே சின்னச் சட்டை குழந்தையைக் கால் வரை விழுங்கிவிட்டது.

"நான் தைக்கறேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுத் தையல் இழுக்கவே பாதியில் நிறுத்திக்கொண்டாள். "உங்க சட்டைக்குப் பட்டனே நான்தான் தைக்கறேன்."

"அரண்மனை மாதிரி ஹால் பூரா ஒட்டறவன், ஒரு சாண் துணிய ஒட்ட மாட்டேனா? தைச்சுக் காட்டறேன், பாரு."

நான் விவரம் சொன்னேன். தலை வழியாகப் போடும் சட்டை ஆகாது, டியூபுகள் இருக்கின்றன. முன்பக்கம் முழுக்கத் திறந்து, மூன்று ஜோடி நாடா வைத்துக் கட்ட வேண்டும். தையலும் முடிச்சும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. ஒரு முடிச்சு அழுத்தினாலே புண்ணாகிவிடும்.

"ஊரெல்லாம் தையல் உள்ள இருக்கும். எம் பொண்ணுக்கு மட்டும் வெளியவா?"

"போட்டுக்கப் போறது அவளா, ஊரா?"

தலையாட்டினார். காயத்துக்குக் கட்டும் துணியில் ஒரு நாடா கிழித்து, குழந்தையின் மார்பைச் சுற்றி அளந்து கொடுத்தேன். அதைத் தன் இரும்பு டேப்பில் வைத்துப் பார்த்து, "இருபத்திரண்டு சென்டி" என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தன் பழைய பருத்திச் சட்டை ஒன்றைக் கொதிநீரில் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு வெட்டியிருக்கிறார்.

எட்டாம் நாள் காலை முதல் சட்டையைக் கொண்டுவந்தார். தையல்கள் எறும்பு வரிசை போல ஒரே அளவில் இருந்தன. முதல் தடவை ஊசி பிடித்தவர் தைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அளவு நாடாவோடு வைத்துப் பார்த்தால் முன்பக்கம் இரண்டும் சேரவில்லை. இரண்டு விரல் குறைந்தது.

"தையலுக்கு எவ்வளவு விட்டீங்க?"

"ரெண்டு மில்லி. ரெண்டு டைலுக்கு நடுவுல நாங்க அவ்வளவுதான் விடுவோம்."

"டைல் மடியாது தம்பி, துணி மடியும். தையலுக்கே அரை இஞ்சு போயிடும். அப்புறம் அவ மூச்சு விடவும் இடம் வேணும்ல?"

"மூச்சு விடவும்" என்று திருப்பிச் சொன்னார். சட்டையை மடித்து ரசமட்டத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். மதியம் டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடிந்து வெளியே வந்தவர் நேராகப் பெஞ்சுக்கு வந்து, தன் பழைய சட்டையில் மிச்சமிருந்த முதுகுத் துணியை விரித்து, மறுபடி வெட்டினார். இந்தத் தடவை தாராளமாக விட்டார்.

"குடுங்க, நான் பத்து நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்றேன். எனக்குக் கடிகாரம்தான் கவலை.

"வேண்டாம்மா. அவகிட்ட நான் தைக்கறேன்னு சொல்லிட்டேன்."

பதின்மூன்றாவது தடவை நூல் நுழைந்தது. தோள், பக்கங்கள், கை, முதல் ஜோடி நாடா, இரண்டாவது ஜோடி. நாலரைக்குப் பெரிய சிஸ்டர் கதவைத் திறந்து, "இருக்கறது போதும். வாங்க" என்றாள். அவள் குரலிலேயே விஷயம் தெரிந்தது.

சின்னக் கைகளை ஒவ்வொன்றாக நான்தான் நுழைத்தேன். சட்டை சேர்ந்தது. மேலே இருந்த இரண்டு ஜோடி நாடாவையும் கட்டினேன்; கீழே கட்ட நாடா இல்லாததால் வயிறு தெரிந்தது. டாக்டர் டியூபை எடுத்ததும், அதற்குள் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்த தாயின் மார்பில் குழந்தையை வைத்தோம். எட்டு நாளில் அவள் மகளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கை கொஞ்சம் நீளங்க" என்றாள்.

"வளரும்போது சரியா..." என்றார்.

ஐந்து இருபதுக்கு டாக்டர் குனிந்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காகிதங்களில் கையெழுத்துப் போட இருவரும் வந்தார்கள். வார்டை ஒட்டிய சின்ன அறையில், துண்டில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து தாயின் மடியில் கொடுத்தேன். அவர் பையிலிருந்து இரண்டு நாடாத் துண்டுகளை எடுத்தார்.

"ஊசி இருக்காம்மா? என்னோடது பெஞ்சுல எங்கயோ விழுந்துடுச்சு."

கோத்தே கொடுத்தேன். அதற்கு மட்டும் சம்மதித்தார். தரையில் முழங்காலிட்டு, டைல்ஸ் ஒட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்தார். ஊசி படாமல் இருக்க, அவள் துணிக்கும் வயிற்றுக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை அவள் விரலில் குத்திவிட்டார். அவள் கையை எடுக்கவில்லை.

"இப்ப முடிச்சு எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்ல தம்பி" என்றேன்.

"வெளியவே இருக்கட்டும்மா."

வெளிப்பக்கமே முடிச்சுப் போட்டார். கத்தரி கொண்டுவர நான் மறந்துவிட்டேன். அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் மூன்றாவது நாடாவைக் கட்டினார்.