சலோமி வீட்டுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுவிசேஷம் சொல்லப் போய் அவமானப்பட்டுத் திரும்பி வந்தேன்.

யாரும் கதவைச் சாத்தவில்லை. திட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். அதுதான் அவமானம். சொல்கிறேன்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை சுவிசேஷ வாரம் வரும். சூரியநெல்லியைச் சுற்றியிருக்கும் தேயிலை எஸ்டேட்களின் லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். கைப்பிரதி கொடுத்து ஜெபம் பண்ண வேண்டும். கடைசியில் செயலாளர் செல்வராஜ் அண்ணனிடம் ரிப்போர்ட். எத்தனை வீடு, எத்தனை கைப்பிரதி, எத்தனை பேர் 'ஆர்வமாகக் கேட்டார்கள்'... இந்த மூன்றாவதில் யார் அதிகம் எழுதுவது என்றுதான் எங்களுக்குள் போட்டியே.

இந்த வருஷம் ஒரு லயத்துக்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. பெங்காலி லயம். அங்கே ஒரு பெங்காலி கிடையாது, எல்லாரும் ஜார்க்கண்ட்காரர்கள். வடக்கே இருந்து யார் வேலைக்கு வந்தாலும் எங்களுக்குப் பெங்காலிதான். பாஷை தெரியாத இடத்துக்கு யார் போவது என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உலகமெங்கும் போங்கள் என்றுதானே கர்த்தர் சொன்னார்? தமிழ் தெரிந்த லயத்துக்கு மட்டும் போங்கள் என்றா சொன்னார்? — சத்தம் போட்டேன். சத்தம் போட்டவள் தலையில்தானே விழும்? விழுந்தது. நான் செல்வராஜ் அண்ணனையும் இழுத்துக்கொண்டேன். அவர் பட்டாளத்தில் இருந்தவர், இந்தி வரும்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. செல்வராஜ் அண்ணன் இந்தியில் ஆரம்பித்தார். பத்து நிமிஷம் மூச்சு விடவில்லை. அவள் மரியாதையாகக் கேட்டாள். அவர் நீட்டிய இந்திக் கைப்பிரதியை வாங்கி முழுக்க வாசித்தாள். அப்புறம் உள்ளே போய்த் துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள்.

வேதாகமம். ஓரமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. என்னுடையது அவ்வளவு தேயவில்லை.

"அக்கா, நாங்களும் இதுதான்" என்றாள் தமிழில். கூடக் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். "தாத்தாவோட அப்பா காலத்துல இருந்தே."

பேர் சலோமி. புருஷன் பேர் தானியேல். அந்த லயத்தில் பதினோரு வீடு, அதில் எட்டு வீடு கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலில் இருந்து கால் மணி நேர நடை. இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். காலையில் மஸ்டரில் பேர் கூப்பிடும்போது தானியேல், சலோமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் சபையில் பாதிப் பேர் அதே மஸ்டரில் நிற்கிறவர்கள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அப்படியானால் ஏன் கோயிலுக்கு வரவில்லை? — கேட்டது நான்தான். அதிகாரமாகவே கேட்டேன்.

வந்தோம் என்றாள். வேலைக்கு வந்த புதிதில், நாலு பேராக, குளித்து நல்ல துணி உடுத்தி, ஆராதனைக்கு முன்னாலேயே வந்தார்களாம். வாசலில் நின்ற ஓர் அக்கா, புல் வெட்டுவது இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

அந்த அக்கா நான்.

கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட அந்த வாரம் ஆள் சொல்லியிருந்தோம். வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்வது என் டியூட்டி. வடக்கத்தி முகம் நாலைக் கண்டதும் கூலிக்கு வந்தவர்கள் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எவனாவது புல் வெட்ட வருவானா? அதை யோசிக்கும் அறிவு அன்றைக்கு எனக்கு இல்லை.

அது நான்தான் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீ வந்தது. குடித்தேன்.

கிளம்பும்போது, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள் சலோமி. எங்களுக்காக! அவள் பாஷையில் பண்ணினாள். எனக்கு ஆமென் மட்டும் புரிந்தது. அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். பையனுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, ஊருக்குப் போய் வரும் நிலைமையும் இல்லை. உங்கள் கோயிலில் முடியுமா?

திரும்பி வரும் வழியில் செல்வராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். மனசு கரைந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"ஏ எஸ்தரு, இந்த எட்டு வீட்டையும் ரிப்போர்ட்ல சேக்க முடியாதுல்ல?" என்றார்.

கமிட்டியில் விஷயத்தை வைத்தேன். எங்கள் போதகர் உடனே சரி என்றுவிட்டார். கமிட்டிதான் இழுத்தது. முறைப்படி அபேக்ஷ, அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுக்கட்டும் என்றார் ஒருவர். எழுதிக் கொடுத்தார்கள். சொந்த ஊர்ச் சபையின் கடிதம் வேண்டும் என்றார்கள். தானியேலின் போனுக்குக் கடிதம் வந்தது. போனில் வந்தது செல்லாது, சீல் வைத்த ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். ஒரு குடும்பத்தைச் சேர்த்தால் எட்டுக் குடும்பமும் வரும், உட்கார இடம் எங்கே என்று ஒரு குரல்.

இடம் எங்கேயா? ஜனங்களைக் கொண்டுவாரும் ஆண்டவரே என்று போன வாரம் அழுது ஜெபித்த வாய் அது. கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். இப்போது பெஞ்சு போதாதாம்.

கடைசியாகச் செல்வராஜ் அண்ணன் ரூல் புக்கை விரித்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞானப்பெற்றோராக நிற்பவர் இந்தச் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும். யார் நிற்பார்கள்?

"நான் நிக்கேன்" என்றேன். "வேற என்னென்ன ரூல் இருக்கோ எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க அண்ணே. வாரத்துக்கு ஒண்ணாக் கண்டுபிடிக்காதீங்க."

"கோவப்படாத தாயி. நீ நிப்பேன்னு சொன்னாப் போதுமா? பெத்தவ சம்மதிக்க வேண்டாமா?"

மனுஷன் இத்தனை நாளில் பேசிய ஒரே நியாயம் அதுதான். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் என் தையல் கடையைச் சாத்திவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். சலோமி வரிசையில் நின்றாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஞானத்தாயாக நிற்க வந்திருப்பதைச் சொன்னேன். அன்றைக்கு வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான், யோசித்துப் பதில் சொல் என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சலோமி கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டினாள்.

"தெரியும்க்கா" என்றாள். "வீட்டுக்கு வந்தப்பவே தெரியும்."

தெரிந்துதான் டீ கொடுத்திருக்கிறாள். தெரிந்துதான் எனக்காக ஜெபம் பண்ணியிருக்கிறாள்! அன்றைக்கே முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாமே என்றேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்புறம் சாக்கை இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளைய நீங்களே தூக்குங்க. உதைப்பான், பாத்துக்கோங்க."

முப்பது வருஷமாகக் கைப்பிரதி கொடுக்கிறேன். கொடுக்கிறவள் நான், வாங்குகிறவர்கள் அவர்கள் — இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தக் கைப்பிரதியில் அச்சடித்திருப்பதை எல்லாம் ஒரு பெண் ஒரு தம்ளர் டீயில் எனக்குச் செய்து காட்டிவிட்டாள்.

உடனே, 'பார்த்தாயா, இதற்குத்தான் அடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போகாதே என்கிறோம்' என்று எனக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம். போவேன். கட்டளை கட்டளைதான். அந்த லயத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் சலோமி யாரென்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வருகிறவர்களை உள்ளே விடாத சபை ஊர் ஊராகப் போய் என்னத்தைச் சொல்லப் போகிறது?

வருகிற ஞாயிறு ஒன்பது மணி ஆராதனையில் ஞானஸ்நானம். சீல் வைத்த ஒரிஜினல் தபாலில் வந்துகொண்டிருக்கிறதாம். வரும்போது வரட்டும் என்று போதகர் தேதி வைத்துவிட்டார். எட்டுக் குடும்பமும் வருகிறது. முதல் இரண்டு பெஞ்சும் அவர்களுக்கு.

உட்கார இடம் கிடைக்காதவர்கள் நிற்கலாம். நானும் நின்றுகொண்டுதான் இருப்பேன்.